காந்த நடுக்கோட்டருகே ஹாம் வானொலி

ஆதாயம் கருதாமல், வானலைகளை அனுப்பவும் பெறவும் வல்ல கருவியைத் தாமே இயக்கி, உலகின் பிற பகுதிகளில் இருக்கும் தம்மை ஒத்த ஆர்வலர்களோடு உரையாடவும், அலைகள் எவ்வாறு பரவுகின்றன என்பதைச் செய்து பார்த்துக் கற்கவும் அரசின் உரிமம் பெற்றவர்கள் நடத்தும் பணி அமெச்சூர் வானொலி எனப்படும். வழக்கில் அது ஹாம் வானொலி என்றும், அதில் ஈடுபடுவோர் ஹாம்கள் என்றும் வழங்கப்பெறுகின்றனர். இந்தியாவில் இதற்கான தேர்வையும் உரிமத்தையும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையைச் சார்ந்த, சுருக்கமாக டபிள்யூ.பி.சி. எனப்படும் பிரிவு கையாளுகிறது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதக்கூடிய அத்தேர்வில் இரண்டு நிலைகள் உண்டு: மோர்ஸ் தந்திக் குறியீடு தேவைப்படாத ரெஸ்டிரிக்டெட் நிலையில் தேறியவருக்கு வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியும், நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் பெறவும் தெரிந்து ஜெனரல் நிலையில் தேறியவருக்கு வி.யூ.2 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் கிடைக்கும். இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற கைக்கருவியை உரிமமின்றி வாங்கிப் பேசுவது ஹாம் வானொலி ஆகாது. அது சட்டப்படி குற்றம்.

உரிமம் கைக்கு வந்தபின் புதியவர் நாடுவது பெரும்பாலும் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ எழுதப்பட்ட கையேடுகளை. அவற்றில் தவறு இல்லை. ஆனால், எந்த நேரத்தில் எந்த அலைவரிசை திறக்கும், ஆண்டெனாவை எவ்வளவு உயரத்தில் எத்திசை நோக்கிக் கட்ட வேண்டும், எந்த மாதத்தில் இரைச்சல் மிகும் என்று அவை கூறுவனவெல்லாம் வடக்கே 40, 50 பாகை அகலாங்குகளில் வாழ்வோருக்காகக் கூறப்பட்டவை. ஏறத்தாழ 8.7 பாகை வட அகலாங்கில், மேற்கே 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியமலையையும் கிழக்கே மன்னார் வளைகுடாவையும் எல்லைகளாகக் கொண்டு, தலைக்கு மேலே புவிக் காந்த நடுக்கோட்டின் வானத்தைச் சுமந்திருக்கும் திருநெல்வேலிக்கு அந்த அறிவுரைகளை அப்படியே பொருத்தினால், கருவி பழுதில்லாமல் இருந்தும் பேச ஆள் கிடைக்காத நிலையே மிஞ்சும். நெல்லை ஹாம் முதலில் பழக வேண்டியது பேச்சை அன்று, தன் ஊர் வானத்தைக் கேட்பதை.

அந்த வானத்தின் அமைப்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கதிரவனின் புறஊதா, எக்ஸ் கதிர்கள் தாக்குவதால் காற்றணுக்கள் மின்னூட்டம் பெற்று, தரைக்கு மேல் சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை அடுக்கடுக்காக நிற்கும் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். அதன் அடித்தளமான டி அடுக்கு பகலில் மட்டும் உருவாகித் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை விழுங்கும்; 200 கிலோமீட்டருக்கு மேலுள்ள எஃப் அடுக்கு சிற்றலைகளை மடக்கித் தரைக்குத் திருப்பும். பகலில் உள்ளூர் நிலையத்தைத் தவிர வேறெதுவும் ஒலிக்காத மத்திய அலை வானொலிப் பெட்டியில், இருட்டிய பின் தொலைதூர மாநிலங்களின் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவதைத் திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் அருகே முள்ளைத் திருப்பிய பழைய நேயர்கள் அறிவர். டி அடுக்கு மறைந்ததன் விளைவே அது. ஹாம்களின் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியும், அதாவது அலைநீளத்தால் 40 மீட்டர் எனப்படும் அலைவரிசையும், அளவில் குறைவாக இதே போக்கைக் காட்டும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் உச்சிவெயில் நெல்லையின் தலைக்கு நேர்மேலேயே நிற்பதால், நண்பகலை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம் 40 மீட்டர் மந்தமாவது இயல்பு. அந்நேரத்தில் மின்திறனைக் கூட்டிப் போராடுவதைவிட 14 மெகாஹெர்ட்ஸுக்கோ அதற்கு மேலோ ஏறிவிடுவது அறிவுடைமை.

காந்த நடுக்கோடு என்பது, புவியின் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கும் இடங்களை இணைத்து வரையப்படும் கோடு; மேலும் கீழும் அசையும்படி தொங்கவிடப்பட்ட காந்த ஊசி அங்கே எப்பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும். இந்தியாவின் தென்முனையை ஒட்டி அது செல்வதனால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா 1963 நவம்பர் 21 அன்று நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட இடமாயிற்று. சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற, நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்து, 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடாரைக் கொண்டு வான்மேல் காற்றோட்டங்களை அளந்து வருவதற்கும் அதுவே காரணம். இக்கோட்டின் நெடுகிலும் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுவதும் கிழக்கு நோக்கி வலிமையான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதைத் தோற்றுவிக்கும் மின்புலமும் கிடையான காந்தப்புலமும் சேர்ந்து, எஃப் அடுக்கின் மின்னூட்டத் துகள்களை மேலே தூக்குகின்றன. தூக்கப்பட்டவை காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 15 பாகை தள்ளிச் சரிந்து குவிகின்றன. அறிவியலார் நீரூற்று விளைவு என்று குறிப்பிடும் இந்நிகழ்வால், நெல்லையின் நேர்மேலே உள்ள வானம் நடுப்பகலில் சற்று மெலிந்தும், போபால், அகமதாபாத் போன்ற மைய இந்திய ஊர்களின் மேலுள்ள வானம் செறிந்தும் காணப்படும்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? செங்குத்தாக மேலெழும் அலை மெலிந்த வானத்தைச் சந்திக்கிறது; தரையை ஒட்டித் தாழ்ந்த கோணத்தில் வடமேற்காகப் புறப்படும் அலையோ, தன் முதல் மடக்கத்துக்காக ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் செறிந்த வானத்தைச் சந்திக்கிறது. ஆகவே, 21, 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளில், ஆண்டெனாவைத் தக்க உயரத்தில் கட்டித் தாழ்கோணத்தில் அனுப்பும் நெல்லை நிலையத்துக்கு வடதிசைத் தொடர்புகள் தாமே அமையும் என்று எதிர்பார்க்கலாம்.

பகலில் கொடுத்ததை மாலையில் பறித்துக்கொள்வதும் இவ்வானத்தின் இயல்பு. கதிரவன் மறைந்ததும் எஃப் அடுக்கு திடீரென மேலும் உயர்ந்து, அடிப்பகுதி குலைந்து, மின்துகள் குறைந்த குமிழிகள் அதனுள் ஏறத் தொடங்குகின்றன. இரவு 7 அல்லது 8 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை நீடிக்கக்கூடிய இக்கலக்கம், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், கதிரவனில் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும் அதிகம். அப்போது பேச்சொலி நீருக்கடியிலிருந்து வருவதுபோல் நடுங்கிக் குழையும்; புதியவர் தம் கருவி கெட்டுவிட்டதென்று எண்ணித் திருகுகளைத் திருகிக்கொண்டிருப்பார். செய்யத்தக்கது தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்குவது, அல்லது மோர்ஸின் வேகத்தைக் குறைப்பது, அதுவும் முடியாவிடில் காத்திருப்பது. வேடிக்கை என்னவெனில், காந்த நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி எதிரெதிரே இருப்போர், இதே மாலை வானத்தைப் பயன்படுத்தி 50 மெகாஹெர்ட்ஸில் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். 1940களின் இறுதியில் ஹாம்களாலேயே கவனிக்கப்பட்ட இந்த நடுக்கோடு கடந்த பரவல், நெல்லைக்காரருக்குத் தலைக்கு மேலே பறந்து போகும் பேருந்து. அதற்கு இங்கே நிறுத்தம் கிடையாது.

வானத்தைக் கேட்டறிய ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் நிறுவப்பட்ட 18 வழிகாட்டி நிலையங்கள், மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஒவ்வொன்றும் பத்து நொடி வீதம் முறைவைத்து ஒலிக்கின்றன. தன் அழைப்புக்குறியை மோர்ஸில் அறிவித்தபின், ஒவ்வொரு நிலையமும் 100 வாட், 10 வாட், 1 வாட், பத்தில் ஒரு வாட் என்று படிப்படியாகக் குறையும் நான்கு நெடிய ஒலிகளை அனுப்பும். கொழும்பின் 4எஸ்7பி, ஜப்பான், ஹாங்காங், ஆஸ்திரேலியா, கென்யா, தென்னாப்பிரிக்கா, இஸ்ரேல், பின்லாந்து முதலிய இடங்களின் நிலையங்கள் இவ்வரிசையில் உள்ளன. எந்தத் திசை திறந்திருக்கிறது, எவ்வளவு திறன் போதும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் மூன்று நிமிடத்தில் விடை கிடைக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் அழைத்துக்கொண்டிருப்பது மின்சாரத்துக்குக் கேடு. இதே அட்டவணையில் 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றிலும் அவை ஒலிப்பதால், ஐந்து அலைவரிசைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

இனி மலையின் பங்கு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் அலைவரிசை, கைக்கருவிகளாலும் வாகனக் கருவிகளாலும் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவது. அது அயனி மண்டலத்தால் பொதுவாக மடங்குவதில்லை, கண்ணுக்குத் தெரியும் தொலைவையொட்டியே செல்லும். திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 85 கிலோமீட்டர்தான் என்றாலும், நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால் 2 மீட்டரில் நேரடிப் பேச்சு அரிது. மலை உச்சி அலையைச் சற்று வளைத்து மறுபுறம் இறக்கும் என்பது உண்மை. ஆனால் பாபநாசம் போன்று அடிவாரத்தில் இருப்பவர் உச்சியை மிகச் செங்குத்தாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருப்பதால் ஆழ்ந்த நிழலில் இருக்கிறார், பாளையங்கோட்டையில் இருப்பவருக்கு அதே உச்சி அடிவானத்தில் இரண்டு பாகை மட்டுமே உயர்ந்து தெரிவதால் வளைந்து வரும் அலையில் ஒரு பங்கு கிட்ட வாய்ப்புண்டு. மலைக்கு அருகே போனால் நன்றாகக் கேட்கும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. மலைமேலேயே ஏறிப் பேசலாம் என்று எண்ணுவோர், அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதையும், வனத்துறை அனுமதியின்றி அங்கே கம்பியும் கம்பமும் கொண்டு செல்ல இயலாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மலையைச் சுற்றிப் போக முடியாதபோது, மேலே எறிந்து தாண்டலாம். 40 மீட்டர் அலையை ஏறக்குறைய செங்குத்தாக வானத்துக்கு அனுப்பினால், அது எஃப் அடுக்கில் மோதிக் குடைபோல் விரிந்து, முந்நூறு, நானூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரம் முழுவதும், மலை பள்ளம் பாராமல் இறங்கும். இதற்குத் தேவையான ஆண்டெனா எளியது: இரு சம பாதிகளாக வெட்டி நடுவில் மின்னூட்டம் கொடுக்கப்படும், மொத்தம் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செப்புக்கம்பி, அதாவது டைபோல், அதைத் தரையிலிருந்து ஐந்து முதல் பத்து மீட்டர் உயரத்துக்குள், தாழக் கட்ட வேண்டும். உயரம் கூடக் கூட நல்லது என்னும் கையேட்டு விதி இதற்குப் பொருந்தாது. இரவு முற்றி எஃப் அடுக்கு நலிந்தபின், செங்குத்தாகச் சென்ற அலை திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடும். அருகிலுள்ளோர் மறைந்து தொலைவிலுள்ளோர் மட்டும் கேட்கும் அவ்வேளையில் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அக்கம்பக்கத்தார் மீண்டும் கிடைப்பர்.

தொலைதேசத் தொடர்புக்கு நாட்டமுள்ளவர் அதே கம்பியின் 14 மெகாஹெர்ட்ஸ் வடிவத்தை, பத்து மீட்டர் நீளத்தில், பத்து மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கட்டலாம். டைபோல் தன் நீளவாட்டுக்குக் குறுக்கேதான் வலுவாகப் பரப்பும். உருண்டையான புவியின்மேல் குறுக்குவழியாகக் கணக்கிட்டால், நெல்லையிலிருந்து லண்டன் வடக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 39 பாகையிலும், நியூயார்க் 26 பாகையிலும் அமைகின்றன. அமெரிக்கா மேற்கே இருப்பதாகத் தட்டை வரைபடம் காட்டுவது இங்கே உதவாது. சிட்னி தென்கிழக்கில், லண்டனுக்கு ஏறக்குறைய நேர் எதிரே இருக்கிறது. எனவே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீட்டிக் கட்டிய ஒரே கம்பி ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒருங்கே நோக்கும். கம்பியின் முனை காட்டும் வடகிழக்கில் உள்ள ஜப்பானை அது புறக்கணிக்கும். இரண்டு கம்பிகளுக்கு இடமுள்ளவர் மற்றொன்றைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளலாம்.

கம்பியைத் தாங்கக் கோபுரம் வாங்க வேண்டிய தேவை பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையில் குறைவு. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்தில் தேரி எனப்படும் செம்மணல் நிலங்களில் கிளையின்றி நெடிதுயர்ந்து நிற்கும் பனை, ஆண்டெனாவுக்கென்றே வளர்க்கப்பட்டதைப் போன்றது. ஆனால் காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறாமலிருக்க, ஒரு முனையைக் கப்பியின் வழியே விட்டு, நைலான் கயிற்றின் நுனியில் எடை தொங்கவிட வேண்டும். நிலத்தையும் ஆண்டெனாவோடு சேர்த்தே எண்ண வேண்டும்: செங்குத்துக் கம்பி வகை ஆண்டெனாக்கள் தரையைத் தம் மறுபாதியாகக் கொள்வதால், உலர்ந்த தேரி மணலில் அவை சோர்ந்துபோகும், பல கம்பிகளைத் தரையில் ஆரங்களாகப் பரப்பினால்தான் தேறும், நீர் நிற்கும் நெல்வயல் மேம்பட்டது, உப்பளத்தின் ஓரமோ அதற்கு ஈடு இணையற்றது. அதே கடற்காற்றுதான் இணைப்பு முனைகளை ஓராண்டில் பச்சைப் பொடியாக்குவதும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் வெளிப்புற இணைப்புகளைச் சுற்றி மூடுவதும், ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பார்ப்பதும் கடற்கரை ஹாமுக்குத் தவிர்க்க முடியாத வேலைகள்.

கடலுக்கு இன்னொரு கொடையும் உண்டு. நீர்ப்பரப்பை ஒட்டிய ஈரக்காற்றின்மேல் வறண்ட வெப்பக்காற்று படியும் நாள்களில், அவற்றின் இடைப்பகுதி 2 மீட்டர் அலையைக் கடல்மட்டத்தோடு வளைத்து நெடுந்தூரம் இழுத்துச் செல்லும். மன்னார் வளைகுடாவின் கரையில் இலங்கை எஃப்.எம். நிலையங்கள் கார் வானொலியில் தெளிவாக ஒலிக்கும் நாளே, 144 மெகாஹெர்ட்ஸில் அக்கரையை அழைத்துப் பார்க்கத் தகுந்த நாள்.

அலையில் பேசும் முறையைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். அதன் சாரம் மரியாதை. அமைதியாக இருக்கும் அதிர்வெண் காலியான அதிர்வெண் என்று கொள்ளக்கூடாது. இருவர் பேசும்போது ஒருவரது அலை தாண்டிச் செல்லும் நிழற்பகுதியில் நெல்லை இருந்தால், மற்றவரின் மௌனம் மட்டுமே இங்கே கேட்கும். ஆதலால் அழைக்குமுன், இவ்விடம் பயன்பாட்டில் உள்ளதா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்பது முறை. மோர்ஸில் இதற்குக் கியூ.ஆர்.எல். என்னும் மூன்றெழுத்துக் குறி உண்டு. பிறகு, யாரேனும் வரலாம் என்னும் பொருள்தரும் சி.க்யூ. அழைப்பை மூன்று முறை, தன் அழைப்புக்குறியை இரண்டு முறை சொல்லி நிறுத்தி, அழைத்ததைப்போல் இரு மடங்கு நேரம் கேட்க வேண்டும். அழைப்புக்குறியை விக்டர், யூனிஃபார்ம் என்று உலகம் ஒப்பிய சொற்களாலேயே எழுத்துக்கூட்ட வேண்டும். சொந்தமாகச் சொற்களைப் புனைந்தால் எதிரே இருப்பவர் ஜப்பானியராயின் தடுமாறுவார். பேச்சு தமிழில் இருப்பதற்குத் தடையில்லை. முதியவராயினும் இளையவராயினும் ஆண் ஹாமை ஓ.எம். என்று விளிப்பது உலக வழக்கு. நெல்லைக்குள் பேசும்போது அண்ணாச்சி என்றாலும் குறைவில்லை. வணிகம், அரசியல், சமயப் பிரசாரம், பாட்டு ஒலிபரப்பு, மறைமொழி ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை.

ஒலித்தரத்தைக் குறிக்கும் எண்ணறிக்கையில், தெளிவுக்கு 5, வலிமைக்கு 9 என்று யாவருக்கும் 59 வழங்குவது நோய்போல் பரவியுள்ளது. அடுத்த நொடியே அவர் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்வதும் அதே வாய்தான். உண்மையான அறிக்கையே எதிராளிக்கு உதவும். மைக்கில் உரக்கக் கத்துவது தொலைவைக் கூட்டாது, பக்கத்து அதிர்வெண்களைக் கெடுக்கும், கருவியில் அனுப்பும் அளவைக் கட்டுப்படுத்தும் ஏ.எல்.சி.யின் முள் தன் எல்லைக்குள் அசையுமாறு மைக்கின் அளவைக் குறைத்து வைத்தால் போதும். அரிய தீவிலிருந்து ஒருவர் பேசி, நூறு பேர் அவரை அழைக்கும் நெரிசலில், அவர் பேசும் இடத்திலேயே அழைப்பது பிழை. அவர் பெரும்பாலும் சில கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்டுக்கொண்டிருப்பார். 2 மீட்டரில் உயரமான இடத்திலிருந்து மறுஒலிபரப்பும் ரிப்பீட்டர் வழியே பேசுவோர், ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்குள் இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும். அவசரச் செய்தி உடையவர் நுழையும் வாசல் அந்த இடைவெளிதான்.

பதிவேட்டில் எழுதும் நேரம் உலகப் பொது நேரமாக இருக்க வேண்டும், அது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆகவே விடியற்காலை 5.30க்கு முன் நெல்லையில் நடக்கும் தொடர்புகள் முந்தைய நாள் தேதியில் பதிவாக வேண்டும். தேதி மாறியதால், தொடர்பை உறுதிப்படுத்தும் அட்டைகள் பொருந்தாமல் போவது புதியவர்களிடம் அடிக்கடி நிகழ்வது. 2017இல் நோபல் அறிஞர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கிய எஃப்.டி.8 என்னும் கணினி முறை, பதினைந்து நொடித் துண்டுகளாகச் செய்தியைப் பரிமாறுவதால், காதுக்கே எட்டாத மெல்லிய அலைகளையும் படித்துவிடும். கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகக்கூடாது என்பதுதான் அதன் முதல் நிபந்தனை. பயனுள்ள முறையே, எனினும் கேட்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தவருக்கு வானம் பழகாது.

இரைச்சலைப் பொறுத்தவரை, பகைவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். மின்வெட்டுக்குப் பழகிய இல்லங்களில் இன்வெர்ட்டரும் மலிவான எல்.இ.டி. விளக்கும் கைப்பேசி மின்னேற்றியும் சிற்றலை முழுவதும் சீறும். கருவியைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தால் குற்றவாளி உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். வெளியே எனில், கையடக்க மத்திய அலைப் பெட்டியோடு தெருவில் நடந்து உப்பும் தூசும் படிந்த மின்கம்பப் பீங்கானைக் கண்டுபிடிக்கலாம். ஏப்ரல், மே மாதக் கோடை இடியின்போதும், அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவத்திலும் எழும் வெடிப்பொலிகளுக்கு மாற்றில்லை. முதல் இடி கேட்டபின் ஆண்டெனாக் கம்பியைக் கழற்ற ஓடுவது காலம் தாழ்ந்த செயல். அம்மாதங்களில் பேசி முடித்ததும் கழற்றி, வீட்டுக்கு வெளியே தரையோடு இணைத்து வைப்பதே வழக்கமாக வேண்டும்.

இவ்வளவு பழக்கமும் பொழுதுபோக்கைத் தாண்டிப் பயன்படும் நாள் எப்படி இருக்கும் என்பதைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு கண்டிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது; பல ஊர்கள் சாலையும் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இன்றித் தீவுகளாயின. அத்தகைய நாளில் ஹாம்கள் உதவ முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பரில், தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்கு அரிய தொடர்புகளுக்காகச் சென்றிருந்த ஹாம் குழு, ஆழிப்பேரலை தாக்கியதும் அதே கருவிகளைக்கொண்டு போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கடத்தியது இந்திய ஹாம் வரலாற்றில் அனைவரும் அறிந்தது. அவர்களுக்கு அது இயன்றது, கருவியும் ஆண்டெனாவும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததால்.

ஸ்ரீவைகுண்டம், ஏரல் போன்ற சமவெளி ஊர்களில் கையில் பிடித்த கருவிகள் இரண்டு தமக்குள் எட்டும் தொலைவு சில கிலோமீட்டர் மட்டுமே. அதே கருவியை மாடிமேல் நிறுத்திய ஆண்டெனாவோடு இணைத்தால் திருநெல்வேலியை எட்டக்கூடும். மதுரையையோ சென்னையையோ எட்டத் தாழக் கட்டிய 40 மீட்டர் டைபோல் வேண்டும். மின்சாரம் வராத நாள்களில் பேட்டரிதான் தலையாய சிக்கல்: 100 வாட் கருவி பேசும்போது ஏறக்குறைய 20 ஆம்பியரும், கேட்கும்போது ஓர் ஆம்பியர் அளவும் இழுக்கும். 100 வாட்டை 25 வாட்டாகக் குறைத்தால் எதிர்முனையில் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரே ஓர் அளவுதான் இறங்கும். ஆனால் பேட்டரியோ கணிசமாக நீடிக்கும். எனவே எட்டும் அளவுக்கு மட்டும் திறனை வைத்து, மணிக்கு ஒருமுறை குறித்த நிமிடத்தில் மட்டும் கருவியைத் திறப்பதென்று இரு முனையும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

செய்தி சொல்வதும் தனிப் பயிற்சி. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண், அவசரத்தின் அளவு, அனுப்புபவர், பெறுபவர், எழுதிய நேரம் ஆகியவை இருக்க வேண்டும். கேட்பவர் கையால் எழுதும் வேகத்துக்கு மேல் படிக்கக்கூடாது. ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டியும், எண்களை ஒவ்வோர் இலக்கமாகவும் சொல்ல வேண்டும், ஏனெனில் அலை நடுங்கும் மாலையில் பதினேழு எழுபதாகக் கேட்கும். மழைநீர் பட்டால் பேனா எழுத்து கரையும் என்பதால் பதிவேட்டோடு பென்சிலைக் கட்டி வைப்பது பழைய ஹாம்களின் வழக்கம். பெற்றவர் முழுச் செய்தியையும் திரும்பப் படித்துக் காட்டி, அனுப்பியவர் சரி என்று சொன்ன பிறகுதான் அந்த எண்ணுக்கு எதிரே குறியிட வேண்டும்.